பூசணிக் கொடியில் தூவிய வெள்ளைப் பொடி

யுத்தத்தால் பர்மா அரிசி வராமல் போயிருந்த 1943ஆம் வருஷம். ஏரலுக்குப் பக்கத்தில் இசக்கியம்மாள் வீட்டுக்குக் கொல்லையில் படர்ந்த பூசணிதான் பாதிச் சாப்பாடு. அதன் இளம் இலைகளைச் சிவப்பு வண்டுகள் சல்லடையாக்கின. தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் கணவன் வண்டு கொல்ல ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடி கொண்டுவந்தான்.

“பாஷாணம்ளா, வெசம். பாத்துத் தூவு.”

மறுநாள் காலையில் இசக்கியம்மாள் அதைத் தூவிவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார் சண்முகத்தாயிடம் சொல்ல மறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது சண்முகத்தாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன கீரை?”

“பூசணி இலை மைனி. நம்ம கொல்லையில பறிச்சேன்.”

இசக்கியம்மாள் தட்டைப் பிடுங்கி எறிந்தாள். “எத்தன வாய் தின்னே?”

“ரெண்டு வாய்தான். ஏன் மைனி?”

இசக்கியம்மாள் அவள் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். சண்முகத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வைத்தியரைத் தேடி ஓடினார். அவர் வரும்வரை இசக்கியம்மாள், “ஏளா, பிள்ள அசையுதா?” என்று கேட்டபடியே இருந்தாள். பதில் வரக் கொஞ்சம் தாமதித்தாலும் தானே அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். வைத்தியர் வந்து மருந்து கொடுத்தார். பொழுது சாயும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார். பத்தாம் நாள் பெண் பிள்ளை பிறந்து, வீறிட்டு அழுதது.

இசக்கியம்மாள் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கிப் புதைத்தாள். வேறு இடத்தில் விதை போட்டாள். விடியற்காலைப் பனியில் வண்டுகள் மரத்துக் கிடக்கும்போதே பொறுக்கித் தண்ணீரில் போட்டாள். ஈர இலைகளில் அடுப்புச் சாம்பலைத் தூவினாள். கொடி பிழைத்துக் காய்த்தது. ஆனாலும் சண்முகத்தாய் கொல்லைப்பக்கம் போனாலே அவளும் பின்னால் ஓடினாள்.