இரண்டரை அடி மண்

எங்கள் தெருவுக்குச் சாலை போட வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டுமாம். எவன் சுரண்டினான்? இருப்பதன் மேலேயே இன்னொரு அடுக்கைக் கொட்டி, உருளையை ஓட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குள் போக மூன்று படி ஏற வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆனபோது ஒரே படி. என் மகள் கல்லூரிக்குப் போனபோது தெருவும் வாசலும் ஒரே மட்டம். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது, தெருதான் வளர்ந்தது.

அப்பா போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்தோம். முன்பாதி தம்பிக்கு, பின்பாதி எனக்கு, நான் போய்வரப் பக்கவாட்டில் ஐந்தடிச் சந்து. ஏன் உனக்குப் பின்பாதி என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

தம்பி தன் பாதியை ஒரு பில்டரிடம் கொடுத்தான். கீழே கார் நிறுத்த இடம், மேலே மூன்று மாடி, லிஃப்ட். தெரு இன்னும் வளரும் என்று கணக்குப் போட்டு, மனையை இரண்டரை அடி உயர்த்தப் போவதாகச் சொன்னான். சந்தும் சேர்ந்து உயரும். முன்பக்கத்தை இடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இடிச்ச செங்கல்லு, சுண்ணாம்பு எல்லாம் மலையா கெடக்கு. லாரிக்காரன் அள்ளிட்டுப் போறதுக்குள்ள நீ எடுத்துக்கோ. உன் வீட்டுத் தரையையும் இப்பவே ஏத்திடலாம். இந்த ரப்பீஷ் போட்டு இடிச்சா கெட்டியா நிக்கும். நம்ம மேஸ்திரியே பண்ணிக் குடுத்துடுவாரு."

நல்ல யோசனை. இன்றைக்குச் சொல்கிறேன், நல்ல யோசனை. அன்றைக்கு நான் சொன்னது வேறு.

"அப்பா கட்டுன சுவத்த இடிச்சுட்டு, அந்தக் குப்பைய என் வீட்டுக்குள்ள கொட்டச் சொல்றியா? உன் மண்ணு எனக்கு ஒண்ணும் வேணாம், போடா."

மறுநாளும் வந்து கேட்டான். அதே பதிலைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. லாரிகள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயின. கட்டடம் எழுந்தது, சந்து உயர்ந்தது. சந்திலிருந்து என் வீட்டுக்குள் வர மூன்று படி இறங்க வேண்டும் என்று ஆனது. மழை பெய்தால் அவன் கல் பதித்த தரையில் விழுகிற தண்ணீரும் அதே மூன்று படியில் இறங்கி வந்தது. நான் வாளியும் துடைப்பமுமாக நின்று மேல்மாடியைப் பார்த்துத் திட்டுவேன். கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன கேட்கும்?

அதுவரைக்கும்கூட இது வெறும் சண்டைதான். அடுத்த வருடம் என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தினம் காலையில் கடற்கரை வரைக்கும் நடந்துவிட்டு வருவார். அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். சமதரையில் நடக்கலாம், படி மட்டும் கூடவே கூடாது என்றார் டாக்டர். எங்கள் வாசலில் மூன்று படி. மருத்துவமனைக்குப் போகிற நாளில் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். ஊரையே வரிசையில் நிற்க வைத்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

தரையை உயர்த்தியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தம்பியிடம் போய்க் கேட்பேனா? தலைகீழாக நின்றாலும் மாட்டேன். மண் ஏற்பாடு செய்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடித்தேன்.

"கவலயே படாதம்மா. ஒரிஜினல் செம்மண்ணு கீது நம்மகிட்ட. கொட்டுனா குந்திக்கும். நீ பாட்டுக்கு டைல்ஸ் ஒட்டிக்கினு போ."

லாரி தெருவோடு நின்றுவிட்டது. லாரி மண்ணை மேலாகப் பார்த்தேன், செக்கச்செவேலென்று இருந்தது. சித்தாள்கள் பாண்டுச் சட்டியில் தலைச்சுமையாகச் சந்து வழியே கொண்டுவந்து கூடத்தில் கொட்டினார்கள். பத்துச் சட்டிக்குப் பிறகு நிறம் மாறியது. மேலே ஒரு சாண் செம்மண், அடியில் முழுக்கக் கறுப்பு. எங்கேயோ அடுக்குமாடிக்குப் பள்ளம் தோண்டிய களியை அள்ளி வந்து, மேலே பவுடர் பூசி எனக்கு விற்றிருக்கிறான் படுபாவி. ஆனால் அது களி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.

அவர் தம்பியின் மேஸ்திரி. மாடியில் ஏதோ சின்ன வேலையாக வந்தவர், சந்தில் சிந்திக் கிடந்த கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அம்மா, இது களிமண்ணு. ஈரம் பட்டா உப்பும், காஞ்சா சுருங்கி எடம் வுட்டுடும். திருப்பி அனுப்பிடுங்க. நல்ல மண்ணா இருந்தாலும் அரை அடி அரை அடியா போட்டு, தண்ணி வுட்டு, திமிசுக் கட்டையால இடிச்சு, இருபது நாளாவது ஆற வுடணும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இவர் யாருடைய ஆள்? அவனுடைய கல்லை நான் வேண்டாம் என்றேன் அல்லவா, அதற்காக என் வேலையைக் கெடுக்க ஆளை அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. "உங்க ஓனர் சொல்லி அனுப்பினாரா?" என்று கேட்டேன். அந்த மனிதர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேறு ஆட்களை வைத்து ஒரே வாரத்தில் நிரப்பினேன். கட்டி கட்டியாகவே கொட்டி, மேலே நாலு மிதி மிதித்து, பேருக்கு மெல்லிசாகக் கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டினார்கள். பழைய வீடு என்பதால் கூரை பன்னிரண்டு அடி, அதனால் தப்பித்தோம். கதவு நிலைகளைப் பெயர்த்து மேலே ஏற்றினோம். ஜன்னல் முழங்காலுக்கு வந்தது, சுவிட்ச் போடக் குனிய வேண்டியிருந்தது. இருக்கட்டுமே. என் கணவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கூடத்திலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து சந்துக்கு, சந்திலிருந்து தெருக்கதவு வரைக்கும் யார் கையையும் பிடிக்காமல் போனார். தெருக்கதவைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிற ஆட்டோவையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தம்பியையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

மழைக்காலத்தில் கூடத்தின் நடுப்பகுதி லேசாக மேடு தட்டியது. பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். பங்குனி வெயிலில் டைல்ஸைத் தட்டினால் டொக் டொக்கென்று காலி டப்பா சத்தம் கேட்டது. அதன் மேல் ஒரு மிதியடியைப் போட்டு மூடினேன். ஆமாம், மூடினேன். நான்தான்.

சித்திரையில் ஒரு மத்தியானம், சமையலறையில் இருந்தபோது சத்தம் கேட்டு ஓடினேன். வாக்கரின் முன்கால் டைல்ஸையும் அடியிலிருந்த கான்கிரீட்டையும் உடைத்துக்கொண்டு ஒரு சாண் உள்ளே போயிருந்தது. அவர் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். நான் போட்ட கூச்சலில் தம்பி மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தான். அவனும் வாட்ச்மேனும் தூக்கி உட்கார வைத்தார்கள். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டு வீங்கியது, முழங்கை தோல் உரிந்தது. தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த ஓட்டைக்குள் கையை விட்டான். டைல்ஸுக்கும் மண்ணுக்கும் நடுவே அவன் கை முழுசாகப் போனது. ஒரு கறுப்புக் கட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே வைத்தான். "அப்பவே சொன்னேனே" என்று சொல்லியிருந்தால் நான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்குக்கூட வழி வைக்கவில்லை.

"மாமாவ மேல கூட்டிட்டுப் போறேன். இத மொத்தமா தோண்டி எடுக்கணும்க்கா," என்றான்.

போனோம். அதே மேஸ்திரியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "அத வுடுங்கம்மா" என்றார். களியையெல்லாம் வெட்டி வெளியேற்றி, கருங்கல் உடைக்கிற இடத்திலிருந்து வந்த கிரஷர் பொடியை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்தார்கள். சந்தின் ஓரத்தில் ஒரு கால்வாய் வெட்டி மழைத்தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்பியும் விட்டார்கள். தினம் பக்கத்தில் நின்று பார்த்தேன். எல்லாம் முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அங்கே மேலே, என் கணவர் காலையும் மாலையும் லிஃப்டில் இறங்கி, கார்களுக்கு நடுவே வாக்கரில் நடந்து, தெருக்கதவு வரைக்கும் போய்வரப் பழகிவிட்டார்.

தரை காய்ந்ததும் சாமான்களை அடுக்கிவிட்டு மேலே போய் அவரைக் கூப்பிட்டேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கலாமே."

"எதுக்கு? தரைதான் கல்லு மாதிரி இருக்கே!"

"போன தடவையும் நீ அதத்தான் சொன்ன." ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அங்க கால் வைக்க பயமா இருக்கு," என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனிதர் தெருக்கதவு வரைக்கும் தன் காலால் நடக்கட்டும் என்றுதானே இத்தனையும்? அவருடைய வாக்கரைப் பறித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். என் வீட்டுக் கூடத்தின் நடுவிலிருந்து கிளம்பி, உடம்பு பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டு, ஒவ்வொரு அடியிலும் ஓங்கி ஓங்கி ஊன்றி, வாசல் தாண்டிச் சந்துக்கு வந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பால்கனியில் அவரும் தம்பியும் நின்றிருந்தார்கள். அவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க! ஆடுதா? ஆடுதான்னு சொல்லுங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் பார்த்தார். "நாளைக்குப் பாக்கலாம்மா," என்றார்.

மறுநாளும் நடந்தேன். அதற்கு மறுநாளும். அவர் பால்கனிக்கு வந்து நின்று பார்க்கிறார், நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். இன்றோடு பதினோரு நாள்.