மூன்றாவது கம்பிக்கும் நான்காவது கம்பிக்கும் நடுவே

நீர்த்தேக்கத்து மேட்டில் ஒற்றை அறைக் குடிலில் வேலை பார்த்த மனிதரை எல்லோரும் அளவுக்காரர் என்றே அழைத்தார்கள். நாளுக்கு மூன்று முறை நூற்றுப் பதினெட்டுப் படி இறங்கி, தண்ணீரில் நட்டிருக்கும் அளவுகோலில் எண்ணைப் பார்த்து, வயர்லெஸில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வது அவர் வேலை. சொல்வதில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. இறங்குவதைத்தான் பதினோரு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டார்.

கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னல் வழியாகப் பைனாகுலரை நீட்டினால் போதும். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகும்போது மனைவி அவர் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, "எத்தனை படி ஏறி இறங்குற கால் இது!" என்று உருகுவாள். அவரும் காலை நன்றாக நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அவள் மனதை எதற்கு நோகடிப்பது?

அப்படி இருக்கும்போதுதான் கேமரா வந்தது.

"இனிமே நீங்க படி இறங்கவே வேண்டாம்ணே. ஆபீஸ்ல உட்கார்ந்தே நாங்க பார்த்துக்குவோம்" என்றாள் அதைக் கொண்டுவந்த பெண் பொறியாளர். செய்யாத வேலையிலிருந்து விடுதலை கிடைத்த அளவுக்காரர், கட்டிலில் கிடந்த பைனாகுலரைச் சத்தமில்லாமல் எடுத்து ஆணியில் மாட்டினார்.

செல்போன் சிக்னல் எட்டாத இடம் என்பதால் செயற்கைக்கோள் இணையம். மலை மறைக்காத மூலையாகப் பார்த்துக் கூரைமேல் அதன் ஆன்டெனாத் தட்டைப் பொருத்தினாள். குடிலுக்குள் அவள் போனில் படம் பளிச்சென்று தெரிந்தது. அலுவலகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் வயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"இந்த லைன்ல வெளியேருந்து யாரும் உள்ள கூப்பிட முடியாதுண்ணே. கேமராதான் ஆபீஸைக் கூப்பிட்டுப் படத்தைக் கொடுக்கணும்."

"நானும் அப்படித்தானே மேடம். இத்தனை வருஷத்துல ஆபீஸ் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல."

பத்து நிமிடத்துக்கு ஒரு படத்தைக் கேமராவே அனுப்பும்படி மாற்றினாள். படம் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது, அதை எங்கே மாட்டுவது? கூரையில் வைத்தால் தண்ணீர் வெயிலில் கூசியது. கம்பத்தில் வைத்தால் காற்றில் ஆடியது. வாசலில் வைத்தால் பாறை மறைத்தது. பார்த்துக்கொண்டிருந்த அளவுக்காரருக்குத் தொழில் கௌரவம் பொறுக்கவில்லை.

"அங்கெல்லாம் சரிப்படாது மேடம். ஜன்னல்ல மூணாவது கம்பிக்கும் நாலாவது கம்பிக்கும் நடுவுல வையுங்க. நிக்கிற உயரத்துல இல்ல, படுத்த உயரத்துல."

வைத்தாள். அளவுகோல் நட்டநடுவில் வந்து நின்றது. அவள் படத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தாள்.

"எத்தனை வருஷமாண்ணே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பதினொண்ணு."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். படத்தைப் பெரிதாக்கியதும் அந்தச் சிரிப்பும் போயிற்று. "கோல் தெரியுது, எண்ணையே காணோமே. எண் மேல முழுக்கப் பாசி!"

பதினோரு வருடமாக ஆள் கிட்டப் போகாத கோலில் பாசி பிடிக்காமல் என்ன செய்யும்?

"நான் எண்ணைப் பார்க்கிறதில்ல மேடம். கோட்டை எண்ணிக்குவேன்."

அவள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. 'இடத்தைத் தேர்வு செய்ய ஊழியரின் நீண்டகால அனுபவம் உதவியது' என்று அறிக்கையில் எழுதினாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் பாசியைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது: கேமராவுக்கு எண் தெளிவாகத் தெரியும்படி அளவுகோலைத் தினமும் மூன்று முறை தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், அப்படிச் செய்வதும் கேமராவில் தெரிய வேண்டும்.

மறுநாள் காலை அளவுக்காரர் வாளியும் பிரஷுமாக இறங்கினார். நாற்பதாவது படியில் உட்கார்ந்தார், எழுபதாவதில் மறுபடி உட்கார்ந்தார். கீழே போய் மூச்சிரைக்கத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இடுப்பிலிருந்த வயர்லெஸில் அலுவலகத்திலிருந்து பொறியாளரின் குரல் கரகரத்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. உங்க முதுகுதான் தெரியுது."

"தள்ளினா தண்ணியில விழுவேன் மேடம். எண்ணை நானே சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

அந்தப் பக்கம் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி, சொல்லுங்க."

அவர் குனிந்து, பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்துப் படித்தார். அவள் அதைப் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் 'கேமரா மூலம்' என்று குறித்துக்கொண்டாள்.