அலமாரிக்குள் எரிந்த பல்ப்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நாலு பேர். ஆராய்ச்சிப் படிப்பு படித்த மெஹருன்னிசா அக்கா, செங்கல்பட்டு ஜவுளிக்கடைக்காரர் மகள். மிஷின் பார்க்கிற சாமுவேல் அண்ணன். பெருக்கித் துடைக்கிற நான், அஞ்சலை. அப்புறம் ஸ்டோர் பொறுப்பாளர். அவர் பேரைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுபதுகள்... மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடல் இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில் அந்த ஆராய்ச்சிக் கூடம். உள்ளே நுழைந்தாலே ஸ்பிரிட் வாசனை. கூடவே, மூடிய மர அலமாரிக்குள் ராப்பகலாக எரியும் பல்பின் சூட்டு வாசனை.

அந்த அலமாரியில் இருந்தது உப்பு. கண்ணாடி போலத் தெளிவாக, உப்பில் செய்த வில்லைகள்.

மிஷின் அனுப்புகிற வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. அது கண்ணாடிக்குள் போகாதாம், உப்புக்குள் போகுமாம். பிளாட்டினம் கலந்த தூளை அழுத்தி மெல்லிய வட்டாக்கி ஒரு குழாய்க்குள் வைப்பார்கள். குழாயின் இரண்டு முனைக்கும் உப்பு வில்லைதான் ஜன்னல். சூடேற்றி, விஷக் காற்றை உள்ளே விட்டால், அது அந்தத் தூளில் எப்படி ஒட்டுகிறது, எப்படி வேறாக மாறிப் போகிறது என்று மிஷினில் இருக்கும் பேனா தானாகவே காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும்.

கடல் காற்றின் ஈரம் பட்டால் உப்பு பூத்துவிடும். அதற்குத்தான் பல்ப்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறுப்பாளர் அலமாரியைத் திறந்தார்.

"ஆளே இல்லாத ரூம்ல, பொட்டிக்குள்ள யாருக்கு லைட்டு? கரண்ட்டு இன்னா சும்மாவா வருது?" பட்டென்று அணைத்தார்.

"சார், அது எரியணும் சார். அக்கா சொல்லிகீது."

"நீ இன்னா படிச்சிக்கீற, எனக்கு சொல்ல வந்துட்ட? தொடப்பத்த எடுத்துகினு கெளம்பு."

அறையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கள் காலையில் பார்த்தால், வில்லைகள் எல்லாம் பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடந்தன. அன்று சாயங்காலம் லாரி வந்து மிஷினை மெட்ராசுக்குக் கொண்டுபோகப் போகிறது. அதற்குள் பேனா போடும் கடைசிக் கோட்டை எடுக்காவிட்டால் அக்கா இத்தனை வருஷம் பாடுபட்டது பாழ். அவள் வாப்பா வேறு, இதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

"லைட்ட யாரு அணைச்சது?" என்றாள் அக்கா.

பொறுப்பாளர் கொஞ்சமும் கூசாமல் என்னைக் காட்டினார். "பெருக்க வர்ற பொம்பளதான். அதுங்களுக்கு இன்னா தெரியும்?"

 எனக்குக் கண் நிறைந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"அஞ்சல, ஜன்னல சாத்து. அழுவாத. ஒரு சொட்டு தண்ணி பட்டா உப்பு போயிடும்."

வெளுத்துப்போன இரண்டு வில்லைகளை எடுத்தாள். ஒன்றை என் கையில் கொடுத்தாள். யார்மேல் பழி விழுந்ததோ, அவள் கையில்...

மரம் தேய்க்கிற உப்புத்தாள்மேல் வில்லையை வைத்து எட்டுப் போடுவது போலத் தேய்க்க வேண்டும். பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியில். பிறகு காய்ந்த துணியில். மூச்சு படக் கூடாதென்று இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டோம். மூடிய அறை, வைகாசிப் புழுக்கம். சாமுவேல் அண்ணன் துண்டை வைத்துக்கொண்டு எங்கள் நெற்றியை மாற்றி மாற்றித் துடைத்தார்.

"வாயக் கட்டினு வேல செய்யறது அஞ்சலைக்குத்தான் பெரிய பேஜாரு" என்றார். கட்டிய துணிக்குள்ளேயே சிரித்தோம்.

விரல் தோல் உரிந்தது. விடவில்லை. மதியச் சோறு அப்படியே இருந்தது. பொறுப்பாளர் மட்டும் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், வில்லைக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்து தெரிந்தது.

குழாயில் பொருத்தினார்கள். பேனா நகர்ந்தது. விஷக் காற்று உள்ளே போக, கோட்டில் ஒரு பள்ளம் இறங்கியது. ஆக்சிஜனை விட்டதும் அந்தப் பள்ளம் மெல்லச் சிறுத்து, வேறொரு இடத்தில் புதிதாக ஒன்று இறங்கியது.

"ஒட்டிகினு இருந்தது மாறிப் போவுது பாரு அஞ்சல!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள் அக்கா. வெளியே லாரி ஹார்ன் அடித்தது.

மேலதிகாரி வந்து கோட்டைப் பார்த்துப் பாராட்டினார். உடனே பொறுப்பாளர், "அந்த அலமாரிய நான்தான் சார் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திகினு பாத்துக்கறேன்" என்றார்.

அக்கா என் கையைத் தூக்கிக் காட்டினாள். "ஒண்ணு நான் தேச்சது சார். இன்னொண்ணு இது தேச்சது." பொறுப்பாளர் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது என் மருமகன் மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறார். புகைக்குழாய்க்குள் ஒரு தூள் பூசியிருக்கும், விஷப் புகையை அது மாற்றிவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். அந்த விஷம் மாறியதைப் பேனா கோடு போட்டபோதே பார்த்தவள் நான் என்றேன். ஏசி அறை, கம்ப்யூட்டர் திரை... இன்றைக்கு அங்கே யாரும் வாயைக் கட்டிக்கொண்டு உப்பு தேய்ப்பதில்லையாம். நல்லதுதான். ஆனாலும் அந்த ஸ்பிரிட் வாசனை எங்கே வந்தாலும் என் விரல் எட்டுப் போடுகிறது.

அக்கா ரம்ஜானுக்கு ரம்ஜான் போன் செய்வாள். போன தடவை, "வயசாயிடுச்சி அஞ்சல, அந்த மனுசன மன்னிச்சி வுட்டுடு" என்றாள்.

"நீ மன்னிச்சிக்கோக்கா. ஒனக்குக் கோடு கெடச்சிடுச்சி. எம்மேல போட்ட பழிய அவரு எடுக்கவே இல்லியே."

அவர் பேர் தணிகாசலம்.