காசிமிரா வாசிக்க விடாத பெயர்

நுவேசெஸ் ஆற்றங்கரையில் எங்கள் மிஷன் நாலு வருடம்தான் இருந்தது. அதைப் பற்றி யார் பேசினாலும் கோட்டைத் தலைவரின் வீரம், சாமியார் கொடுத்த ஞானஸ்நானம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லிபான் அப்பாச்சிப் பழங்குடிகள் முந்நூறு பேர் அங்கே வந்து தங்கியது காசிமிரா காய்ச்சிய சோளக்கஞ்சிக்காக.

அவள் தெற்கே சால்தீயோ ஊர்க்காரி. கணவனை இழந்தவள். ஐந்து வயது மகளோடு மிஷனுக்குச் சமைக்க வந்தாள். நான் கோவேறு கழுதைகளில் சோள மூட்டை கொண்டு வருகிறவன். கொஞ்சம் பிந்தினால் போதும், "கழுதைங்களுக்கு வரணும்னுதான் ஆசை, ஓட்டுறவருக்குத்தான் மனசு வரல போல" என்பாள். பின்னாளில் அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். அந்த வாய் கடைசி வரை குறையவில்லை.

லிபான்கள் கஞ்சி குடிப்பார்கள். காட்டெருமை மந்தை வந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நன்றி கெட்டவர்கள் என்று சாமியார் புலம்புவார். காசிமிரா புலம்பாமல் அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டாள். அவர்களில் ரெமேதியா அவளுக்கு உயிர்த்தோழி ஆனாள். ரெமேதியாவின் மகளுக்குக் காசிமிராதான் ஞானத்தாய். பாசத்தில் தன் மகளின் பெயரையே அவளுக்கும் வைத்தாள்.

மூன்றாம் வருடக் கோடையில் பெரியம்மை வந்தது. ஒரே வாரத்தில் காசிமிராவின் மகளும் ரெமேதியாவின் மகளும் செத்துப்போனார்கள். சாமியார் அப்போது கோட்டையில் நோயாளிகளோடு இருந்ததால் காசிமிராவின் மகளைப் பூசை இல்லாமல்தான் புதைத்தோம். குழியை நான்தான் வெட்டினேன்.

துக்கம் கேட்கப் போன காசிமிரா, ரெமேதியாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் பெயரைச் சொல்லி அழுதாள். எங்கள் பக்கம் அப்படித்தான் அழுவோம். ரெமேதியா கையை உதறிவிட்டுப் போனாள். லிபான்கள் செத்தவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் செத்தவர் திரும்பி வந்து, மிஞ்சியிருப்பவரையும் கூட்டிப் போய்விடுவார் என்று பயம். ரெமேதியாவுக்கு மிஞ்சியது ஒரு கைக்குழந்தை. பன்னிரண்டு நாள் அவள் கஞ்சிக்கு வரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களின் பெயர்களைச் சாமியார் பீடத்தில் நின்று உரக்க வாசித்து மன்றாடுவார். மகளுக்குக் கிடைக்காத பூசை அன்றைக்காவது கிடைக்கும் என்று காசிமிரா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். செத்த லிபான்களின் பெயர்களை வாசித்தால் மற்றவர்கள் மிஷனை விட்டே போய்விடுவார்கள் என்று சாமியாரிடம் சொல்லியும் பார்த்தாள். சரி, அவற்றை விட்டுவிட்டு உன் மகள் பெயரை வாசிக்கிறேன் என்றார். நல்ல மனிதர்தான், இரண்டும் ஒரே பெயர் என்பது அவருக்கு உறைக்கவில்லை. காசிமிராவும் சொல்லவில்லை. ஆசை வாயை அடைத்துவிட்டது என்று பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டாள்.

பூசையில் லிபான்கள் பின்னால் நின்றார்கள். ரெமேதியாவின் இடுப்பில் குழந்தை. சாமியார் இறந்துபோன சிப்பாய்களின் பெயர்களை முடித்தார். அடுத்தது காசிமிராவின் மகள். காசிமிரா ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"சாமி, எம்மக பேர வாசிக்காதீங்க."

"ஏம்மா? நீ கேட்டதுதானே?"

"கேட்டேன் சாமி. இப்ப வேணாங்கிறேன். கடவுளுக்கு அவளத் தெரியும்."

அவள் உட்காரவில்லை. சாமியார் காகிதத்தை மடித்தார். கோட்டையில் துப்பாக்கி பிடித்த ஒருவனுக்கும் அந்தத் துணிச்சல் வராது. அன்றைக்கு நான் மலைத்துப் போனேன். மறுநாள் காலையில் ரெமேதியா சமையல்கட்டுக்கு வந்து, குழந்தையைக் காசிமிராவின் மடியில் போட்டுவிட்டுக் கஞ்சியைக் கிண்ட ஆரம்பித்தாள்.

பதினாலு மாதம் கழித்து மேலிடத்து உத்தரவில் மிஷனை மூடினார்கள். நாங்கள் சால்தீயோவில் குடும்பம் நடத்தினோம். இங்கே லிபான் யார் இருக்கிறார்கள், இந்த வருடமாவது மகள் பெயரைக் கொடுப்போமே என்று ஒரு கல்லறைத் திருநாளுக்குக் கேட்டேன்.

"ரெமேதியா புள்ள எங்கயோ வளர்ந்துக்கிட்டு இருக்கான். பேசாம இருங்க" என்றாள்.

போன மார்ச்சில் காசிமிரா காலமானாள். திருநாள் பட்டியலுக்கு அவள் பெயரைக் கொடுக்கப் போனேன். ஊர் சாமியார் எழுதிக்கொண்டு, அவளுக்கு ஒரு மகள் இருந்தாளாமே, அந்தப் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அவ அம்மா பேரு மட்டும் போதும் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.