ஹுவாலியனில் ஒரு ‘போய்ட்டு வரோம்’

சென்ற மாதம் ஒரு பெண்மணியை ராத்திரி இரண்டு மணி வரை தெருவில் காக்க வைத்துவிட்டோம். நானும் என் மச்சானும். அந்த அம்மாவின் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. ஊர், ஹுவாலியன். தைவானின் கிழக்குக் கரையில், கடலை ஒட்டிய சின்ன நகரம்.

கள்ளக்குறிச்சிக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? மகள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பார்க்கப் போனேன். என் மனைவிக்கு விமானம் என்றாலே பயம். தனக்குப் பதிலாகத் தம்பியை அனுப்பிவைத்தாள்.

தம்பி என்றால் ஐம்பது வயதுத் தம்பி. பெயர் சுந்தரம். சின்னசேலத்தில் மரவள்ளிக்கிழங்கு வியாபாரம். கல்வராயன் மலையில் கிழங்கு வாங்கி ஜவ்வரிசி ஃபேக்டரிகளுக்கு லோடு அனுப்புகிறவர். இடது முட்டியில் தீராத வலி. ஆனால் சாப்பாடு என்றால் முட்டி வலிக்காது.

மகளுக்குக் காலை ஏழு மணிக்கே லேப். “நீங்க ரெண்டு பேரும் சுத்திட்டு வாங்கப்பா” என்று என் ஃபோனில் மொழிபெயர்க்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நாம் தமிழில் பேசினால் அது சீனத்தில் பேசும். அவர்கள் சீனத்தில் பேசினால் தமிழில் சொல்லும். இவ்வளவுதான் விஷயம்... என்று நினைத்தோம்.

நம்மூரில் ராத்திரி பதினோரு மணிக்குப் பசித்தால் என்ன செய்வோம்? பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய், பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து, கடைசி இரண்டு பரோட்டாவைக் கெஞ்சி வாங்குவோம். அங்கே இரவுச் சந்தைக்கு அந்த நேரத்துக்குத்தான் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தை, கையில் குச்சியில் செருகிய சுட்ட கணவாய் மீன். சிப்பி போட்ட ஆம்லெட்டுக்கு முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். யாருக்கும் அவசரமே இல்லை.

ஒரு கடையைத் தாண்டும்போது சுந்தரம் நின்றுவிட்டார்.

“இன்னா மாமா, நம்மூரு ஃபேக்டரி கழிவுத்தண்ணி வாசனை வருது?”

புளிக்கவைத்த டோஃபுவை, அதாவது சோயா பனீரை, எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூக்கைப் பொத்தினேன். அவர் இரண்டு பிளேட் சாப்பிட்டார்.

அடுத்த சந்தில்தான் அந்த அம்மாவின் வண்டி. அறுபது வயது இருக்கும். பெரிய பாத்திரத்தில் கறுப்பாக, உருண்டை உருண்டையாக ஏதோ கொதிக்கிறது. வெல்லப்பாகு, இஞ்சி. சுந்தரம் ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

“மாமா... இது நம்ம கெழங்குங்க.”

அப்புறம் என் ஃபோன் என்னிடம் இல்லை. மாவு எந்த ஊர்? தாய்லாந்து. எவ்வளவு நேரம் வேகணும்? ஒரு மணி நேரம். இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அப்படியா, அடுத்த முறை குறைக்கிறேன். அந்த அம்மா ஒரு பிடி வேகாத உருண்டையை எடுத்துக் கொடுத்தார். சுந்தரம் அதை விரலில் நசுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். தொழில் தெரிந்த இருவர் பேசும்போது நடுவில் நமக்கு என்ன வேலை? நான் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது சுந்தரம் ஃபோனில் சொன்னார்: “போய்ட்டு வரோம்மா.”

ஃபோன் சீனத்தில் சொன்னது. அந்த அம்மா இரண்டு விரலைக் காட்டி ஏதோ கேட்டார். ஒரே சத்தம், ஃபோனுக்குக் கேட்கவில்லை. ஆமாம், நாங்கள் இரண்டு பேர்தான் என்று நாங்களும் தலையாட்டினோம். அவர் இரண்டு கிண்ணங்களை எடுத்துத் தனியாக வைத்தார். நாங்கள் போய்த் தூங்கிவிட்டோம்.

மறுநாள் ராத்திரி எங்களுக்கு அங்கே கடைசி ராத்திரி. விடியற்காலை ரயில். மறுபடியும் அதே வண்டிக்குப் போனோம். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் ஃபோனுக்காகக் கையை நீட்டினார். பேசினார். ஃபோன் உணர்ச்சியே இல்லாமல் தமிழில் சொன்னது:

“நேற்று திரும்பி வருகிறோம் என்று சொன்னீர்கள். பன்னிரண்டு மணிக்கு மூடுவேன். மழை பெய்தது. இரண்டு மணி வரை இருந்தேன்.”

கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

சுந்தரம் விளக்கினார். எங்க ஊரில் கிளம்பும்போது அப்படித்தான் சொல்வோம், போறேன் என்று சொல்ல மாட்டோம். ஃபோன் அதை எப்படிச் சொன்னதோ, அந்த அம்மா முகத்தில் குழப்பம்தான் கூடியது. வராதவர்கள் எதற்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும்? நியாயமான கேள்வி.

சாப்பிட்டு முடித்தோம். இனிப்பைக் குறைத்திருந்தார். இப்போது விடைபெற வேண்டும். நான் ஃபோனை வாங்கி, ‘நாங்கள் ஊருக்குப் போகிறோம்’ என்று டைப் செய்ய ஆரம்பித்தேன்.

“அப்டி அடிக்காதீங்க மாமா.”

ஏன் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய அப்பா, வீட்டில் ஏதோ சண்டை போட்டு, “நான் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கரும்பு டிராக்டரில் ஏறினார். வழியிலேயே நெஞ்சுவலி. வரவில்லை. அன்றிலிருந்து சுந்தரம் அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனாலும் வரேன்தான்.

“சொல்லலன்னா இன்னைக்கும் மழையில நிப்பாங்களே மச்சான்” என்றேன்.

அவர் நாங்கள் சாப்பிட்டு வைத்த இரண்டு கிண்ணங்களைப் பார்த்தார். பிறகு ஃபோனை வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சொன்னார்: “நாங்க போறோம்மா. வர மாட்டோம். காத்துக்கினு இருக்காதீங்க.”

முப்பது வருஷத்தில் முதல் முறை. ஃபோனுக்கு அது தெரியாது. ஒரே நொடியில் சொல்லி முடித்துவிட்டது.

அந்த அம்மா புரிந்துகொண்டு தலையசைத்தார். ஏதோ சொன்னார். ஃபோன் தமிழில்: “மெதுவாக நடங்கள்.”

சுந்தரம் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். “என் முட்டி வலி இந்தம்மாவுக்கு எப்டிங்க மாமா தெரியும்?”

காலையில் ஸ்டேஷனில் மகள் சிரித்துச் சிரித்து விளக்கினாள். அந்த ஊரில் கிளம்புகிறவரிடம் எல்லோரும் சொல்வது அதுதானாம். ஓடுகிறவனிடமும் மெதுவாக நட என்றுதான் சொல்வார்களாம். விடைபெறும்போது மட்டும் எந்த ஊரிலும் மனிதர்கள் நேராகப் பேசுவதில்லை போலிருக்கிறது.

ரயில் கடலோரமாகப் போய்க்கொண்டிருந்தது. சுந்தரம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

“வாயால போறோம்னு சொல்லிட்டேன் மாமா. ஆனா மனசுக்குள்ள வரேன்னுதான் சொல்லிக்கினேன்.”

நல்லவேளை... அதை மொழிபெயர்க்கும் ஆப் இன்னும் வரவில்லை.