கோழிக்குச் செய்வதைப் புறாவுக்குச் செய்தேன்

எனக்குக் கை சும்மா இருக்காது. முதுநகரில் வீட்டின் முன்னறையிலேயே தையல் மிஷின் போட்டு இருபது வருடமாகிறது. யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் சரிசெய்து கொடுத்துவிடுவேன். பாராட்டும் வாங்கியிருக்கிறேன், வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை மதியம், காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு புறா ஒதுங்கியிருந்தது. சாம்பல் நிறம், காலில் நீல வளையம். முதுகில் ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. வல்லூறு அடித்திருக்க வேண்டும். தூக்கினபோது அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் மிஷின் ஓடுவதுபோல் அடித்துக்கொண்டது. வெந்நீரில் துடைத்து மஞ்சள் பற்றுப் போட்டேன். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் பழைய பிளாஸ்டிக் மீன் கிரேட் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தார். "பாத்து, அதுக்கும் ஜாக்கெட் தச்சுடப் போற" என்றார்.

கம்பும் பொட்டுக்கடலையும் வைத்தேன். தொடவில்லை. கிரேட்டுக்குள் திரும்பத் திரும்ப இறக்கையடித்தது; அடிக்கும்போதெல்லாம் காயம் திறந்துகொண்டது. இப்படியே விட்டால் ராத்திரிக்குள் செத்துப்போகும் என்று பயந்தேன்.

நான் பிறந்தது அண்ணாகிராமம் பக்கம். அங்கே கோழி வாங்கிவந்தால் முதல் வேலை, ஒரு பக்க இறக்கையில் நீள இறகுகளை வெட்டிவிடுவது. வேலி தாண்டாது, பழைய வீட்டுக்கு ஓடாது, பத்து நாளில் நம் வீட்டுக் கோழியாகிவிடும். எத்தனையோ கோழிக்குச் செய்திருக்கிறேன். புறாவின் வலது இறக்கையை விரித்துப் பிடித்து, அளவெடுத்தாற்போல் பத்து இறகையும் வெட்டினேன். புறா அசையவே இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை வெட்டுத்துணியைப் பெருக்கும்போது ஒரு இறகில் ஊதா மையில் ஏதோ எழுதியிருந்ததைப் பார்த்தேன். இன்னொன்றிலும் இருந்தது. பொறுக்கியெடுத்து, பட்டன் வைக்கும் மேசையில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து, முன்னேயும் பின்னேயும் மாற்றிப் பொருத்தினேன். ரப்பர் ஸ்டாம்பால் குத்திய போன் நம்பர் வந்தது.

எடுத்தவர் சிதம்பரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். குரலை வைத்து முப்பது வயது சொல்லலாம். வளையத்தின் நிறத்தைச் சொன்னதும் என்னவோ பெற்ற பெண்ணே திரும்பிக் கிடைத்ததுபோல் நன்றி சொன்னார். பந்தயப் பழக்கத்துக்காகத் திண்டிவனத்தில் விட்ட ஹோமர் புறாவாம், எங்கே விட்டாலும் வீடு தேடி வந்துவிடும் ஜாதியாம், ரெண்டு மணி நேரத்தில் வீடு வந்திருக்க வேண்டியதாம். எலும்பு முறிந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் காயம் ஆறினதும் மாடியில் விட்டால் போதும், அதுவே வந்துவிடும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஓடிப்போகாமல் இருக்க இறக்கையை வெட்டி வைத்திருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்துவது கேட்டது.

"புடுங்குனீங்களாக்கா, வெட்டுனீங்களா?"

வெட்டினேன் என்றேன். பிடுங்கியிருந்தால் ஒன்றரை மாதத்தில் முளைத்துவிடும், வெட்டினால் அந்த அடித்தண்டு தானாக உதிர்கிறவரை முளைக்காது என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "வூட்ல அதுக்கு எட்டு நாள் குஞ்சு ரெண்டு இருக்குதுக்கா."

புறா தன் தொண்டையிலிருந்து பால் மாதிரி ஒன்றை ஊட்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆண் புறாவை முந்தின வாரம் பூனை கொண்டுபோய்விட்டதாம். இவர் கடலைமாவைக் கரைத்து சிரிஞ்சில் ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு குஞ்சு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறதாம். தப்பு என்மேல் என்று தெரிந்தால் எனக்குக் கோபம்தான் வரும். பச்சைப் பிள்ளைக்காரியை எதற்கு ஐயா திண்டிவனம் கொண்டுபோய் விட்டீர்கள் என்று கத்தினேன்.

"குஞ்சு இருக்கும்போதுதாங்க்கா வேகமா வரும். எல்லாரும் அப்பிடித்தான் வுடுவாங்க" என்றார்.

போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் காதை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நான் கிரேட்டின் மூடியை எடுத்துவிட்டேன். மூச்சாவது நன்றாக விடட்டும், பறக்கத்தான் முடியாதே என்று நினைத்தேன். ஒரு கல்யாண ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு மதியம் திரும்பி வந்தபோது கிரேட் காலி.

பூனை என்றுதான் நினைத்தேன். சாப்பிட வந்த கணவரும் நானும் கட்டிலடி, மாடிப்படி, சாக்கடை என்று இறகைத் தேடினோம். ஒரு இறகுகூட இல்லை. பக்கத்துவீட்டு அம்மா மீன் ஆய்ந்தபடி, ஒரு புறா ரேஷன் கடைக்குப் போகிறதுபோல் ஓரமாக நடந்து போச்சே, உங்களதா என்று கேட்டார். தெருமுனை டீக்கடைக்காரரும் பார்த்திருந்தார். சிதம்பரம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

கணவர் பைக்கை எடுத்தார். மெதுவாகவே போனோம். பச்சையாங்குப்பம் தாண்டியது. இவ்வளவு தூரம் வந்திருக்க வாய்ப்பே இல்லை, திரும்பலாம் என்று நான்தான் சொன்னேன். டேங்கர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் தார் முடியும் இடத்து வெள்ளைக் கோட்டில் அதைப் பார்த்தேன்.

நடந்துகொண்டிருந்தது. தெற்கே பார்த்து, தலையை ஆட்டி ஆட்டி, நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. லாரி போகும்போது காற்று அதைப் பள்ளத்தில் தள்ளியது. ஏறிவந்து அதே கோட்டைப் பிடித்து மறுபடி நடந்தது. பைக்கிலிருந்து இறங்கின எனக்கு ஓடிப்போய்த் தூக்கக்கூடத் தோன்றவில்லை. கணவர்தான் போய் எடுத்தார். விரல்களின் அடியில் தோல் தேய்ந்து ரத்தம் கசிந்தது. என் மஞ்சள் பற்று அப்படியே முதுகில் இருந்தது.

"சிதம்பரத்துக்கே போய்டலாம்" என்றார் அவர். மிஷினில் பாதி தைத்த துணி கிடந்தது. ஏறி உட்கார்ந்தேன். புறாவை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஊருக்குள் நுழைந்ததும் கணவர் போன் செய்து வழி கேட்டிருந்தார்; பட்டறைக்காரர் தெருவில் இறங்கி நின்றார். நடந்து வந்ததைக் கணவர் சொன்னபோது கையிலிருந்த கிரீஸ் துணியைக் கீழே போட்டுவிட்டு எங்களையே பார்த்தார். மாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு குஞ்சு மதியம் செத்துவிட்டதாகப் படி ஏறும்போதுதான் சொன்னார், திரும்பிப் பார்க்காமல்.

கம்பிவலைக் கதவைத் திறந்தார். புறாவைத் தரையில் விட்டேன். அது ஒரு நொடியும் யோசிக்காமல் சுவரோரம் இருந்த மரப்பெட்டிகளை நோக்கிப் போனது. அதன் பெட்டி மூன்றாவது அடுக்கில், என் இடுப்பு உயரத்தில் இருந்தது. உள்ளேயிருந்து குஞ்சின் சத்தம் கேட்டது, மெல்லிசாக, விட்டுவிட்டு. புறா அண்ணாந்து பார்த்தது. எழும்பியது. ஒரு இறக்கை காற்றைப் பிடித்தது, நான் வெட்டினது பிடிக்கவில்லை. சாய்ந்து தரையில் விழுந்தது. எழுந்து மறுபடி எழும்பி, மறுபடி அதே பக்கம் விழுந்தது.

லாரிக்கு நடுவே அவ்வளவு தூரம் நடந்துவந்துவிட்டது. இந்த இடுப்பு உயரத்தைத்தான் அதனால் ஏற முடியவில்லை.

மூன்றாவது முறை விழுவதற்குள் நான் குனிந்து தூக்கினேன். பெட்டிக்குள் வைத்ததும் மஞ்சள் பூமயிர்கூட உதிராத அந்தக் குஞ்சு தன் அலகை அதன் வாய்க்குள் திணித்தது. புறாவின் தொண்டை ஏறி இறங்கியது. பட்டறைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, "ஒக்காருங்கக்கா" என்றார்.

"அந்தப் பொட்டிய மொதல்ல கீழ எறக்குங்க" என்றேன்.