உத்திரமேரூரில் ஒரு பதிலுக்குக் காத்திருந்தோம்

காலை ஏழரை மணிக்குக் காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பேருந்தில் ஏறினேன். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சிறப்பாசிரியை நான். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பொதுத் தேர்வில் தரும் சலுகைகளை எப்படி நடத்துவது என்று அந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்க அனுப்பியிருந்தார்கள். சலுகை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிறவனைப் பார்த்து, உனக்குச் சலுகை கொடுத்தோம் என்று யாராவது சொல்கிறார்களா?

மாகறலில் ஓர் அம்மாவும் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும் ஏறினார்கள். பெண்ணுக்குக் கையும் காலும் முறுக்கிக்கொண்டிருந்தன. நடத்துநர் பையை வாங்கிக்கொள்ள, அம்மா இடுப்பைப் பிடித்து ஏற்றி என் பக்கத்தில் உட்கார வைத்தார். எங்கே போகிறாய் என்று நடத்துநர் பெண்ணிடம்தான் கேட்டார். அவள் உதடுகள் சொல்லைத் தேடிக் கூடுவதற்குள் அம்மா, “உத்திரமேரூர் ரெண்டு” என்று முடித்துவிட்டார். பெண் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மாவின் பெயர் மேரி, கழனி வேலைக்குப் போகிறவர். மகள் எஸ்தர், பத்தாம் வகுப்பு. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், அதனால் கை எழுதாது. “பேச்சி லேட்டாத்தான் வரும் மேடம். ஆனா வந்துரும்” என்றார் மேரி. பள்ளியில் இன்று என்னவோ டிரெய்னிங்காம், இவளை வைத்துச் செய்து காட்டப் போகிறார்களாம், கண்டிப்பாக வரச் சொன்னார்களாம். அதை நடத்தப் போவதே நான்தான் என்றதும் எஸ்தர் ஜன்னலை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

பேருந்து நிலையத்திலிருந்து மூவரும் ஒரே ஆட்டோவில் போனோம், நாற்பது ரூபாய். பள்ளி வாசலில் தோரணமெல்லாம் கட்டியிருந்தார்கள். கூட்டம் எங்கே என்று கேட்டேன், மாடியைக் காட்டினார்கள். நடக்க முடியாத பிள்ளைக்குத் தரைத்தளத்தில் தேர்வறை கொடுக்க வேண்டும் என்று பாடம் நடத்த மாடியில் கூடம்! மேரி மகளைத் தூக்கிக்கொண்டு ஏறத் தயாராகிவிட்டார். வேண்டாம் என்று தடுத்து, கூட்டத்தையே கீழே வராந்தாவுக்கு இறக்கச் சொன்னேன். நாற்காலி தூக்கிய ஆசிரியர்கள் என்னை முறைத்தார்கள், முறைக்கட்டும்.

பத்து மணிக்குத் தலைமையாசிரியர் பேசினார். அவர் பள்ளியில் ஸ்கிரைப் வைத்து எழுதிய பிள்ளை ஒன்றுகூடத் தோற்றதில்லையாம். ஸ்கிரைப் என்றால், பிள்ளை வாயால் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதும் ஆசிரியர். எஸ்தருக்கு எழுதுகிற அறிவியல் ஆசிரியர் கைதட்டலுக்கு நடுவே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று நான் கேள்வியைப் படித்தேன்.

“இலை...” என்று எஸ்தர் ஆரம்பித்தாள். அடுத்த சொல் அவள் தொண்டையை விட்டு வருவதற்குள் ஆசிரியர் நான்கு வரி எழுதி, அடிக்கோடும் போட்டு, தாளை என்னிடம் நீட்டிவிட்டார். முத்து முத்தான கையெழுத்து, பிழையே இல்லை. மறுபடி கைதட்டினார்கள். எனக்கு உச்சந்தலை வரை சுட்டது.

தாளை எஸ்தருக்கு வாசித்துக் காட்டி, உன் பதில் இதுதானா என்று கேட்டேன். வெகு நேரம் கழித்துச் சொன்னாள்:

“இது சாரோட ஆன்சர். என்னுது... இன்னும் முடியல.”

ஆசிரியர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். இந்தப் பிள்ளை படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் எழுதிவிடுகிறாராம், அதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். யாருக்கா? தனக்கு என்ன தெரியும் என்பதே தெரியாமல் பிளஸ் ஒன் போய் உட்காரப் போகிறவளுக்கு! இதை நான் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு எதிராக எழுந்தவர் மேரி.

“சாரு நல்ல மன்சு மேடம், எய்திக் குடுக்கறாரு. இவ பாஸாவணும். ஒக்காந்து செய்ற வேலை எதுனா கெடைக்கணும். நா இல்லாங்காட்டி இவள யாரு பாக்கறது? நீங்க இன்னிக்கி வந்து பேசிட்டுப் பூடுவீங்க.”

எஸ்தர் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பகல் உணவுக்குப் பிறகு, என் கோபத்தை ஆற்றுவதற்கோ என்னவோ, தலைமையாசிரியர் கல்வெட்டுக் கோயிலைக் காட்டக் கூட்டிப்போனார். குடவோலைத் தேர்தல் நடந்த விதத்தைச் சுவர் முழுக்க வெட்டியிருக்கிறார்கள். குடத்திலிருந்து எடுத்த ஓலையை ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டுமாம். அவர் பெருமையோடு விளக்க விளக்க எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஓர் ஓலையில் யாரும் கைவைத்துவிடக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு கவலைப்பட்ட ஊர் சார், அந்தப் பிள்ளை பெயரில் எழுதியதை அவளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினால் என்ன என்று கேட்டேன். அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

இரண்டரை மணிக்கு அதே கேள்வியை மறுபடி வைத்தேன். அவள் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், முடிந்ததும் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்றேன். எஸ்தர் ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே கொண்டுவந்தாள். டீ வந்து ஆறிப்போனது. நடுவில் ஆசிரியரின் பேனா நின்றது.

“தப்பா சொல்லுது மேடம்” என்றார் என்னைப் பார்த்து, பாவமாக.

“எழுதுங்க சார்.”

எழுதினார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைப் பார்த்தேன். பிறகு வாசித்தார்: இலை சூரிய வெளிச்சத்தில் தண்ணீரையும் ஆக்சிஜனையும் வைத்து உணவு செய்கிறது. எஸ்தர் தலையை ஆட்டினாள்.

“இருங்க சார். ஆக்சிஜன்... வெளிய வர்றது. உள்ள போறது... கார்பன் டை ஆக்சைடு.”

அடித்துவிட்டு மாற்றி எழுதினார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

விடைபெறும்போது தலைமையாசிரியர், இதெல்லாம் பேச நன்றாக இருக்கிறது, பரீட்சையில் இவ்வளவு நேரம் ஏது, நடைமுறைக்கு வராது என்றார். நேரத்துக்குத்தானே அரசு ஒரு மணி கூடுதலாகக் கொடுக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிப்போம் என்று சிரித்தார். தாம்பரத்தில் எங்கள் பள்ளி மட்டும் என்ன வாழ்கிறது? இதே அநியாயத்தை ஏசி அறையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் செய்கிறோம்.

மாலைப் பேருந்திலும் மேரியும் எஸ்தரும் என் பக்கத்தில்தான். மேரி என்னோடு பேசவில்லை. ஏகப்பட்ட கூட்டம். நடத்துநர் புது ஆள், அவசரக்காரர். எஸ்தரைச் சுட்டி, இந்தப் பொண்ணு எங்கே இறங்கணும் என்று மேரியைக் கேட்டார். மேரி வாயைத் திறந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார், மகளைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

“சீக்கிரம் சொல்லும்மா” என்றார் நடத்துநர்.

“அவ சொல்லுவா, இருய்யா” என்றார் மேரி.

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நடத்துநர் டிக்கெட் கட்டை வைத்துக்கொண்டு நின்றார்.

“மா...” என்றாள் எஸ்தர். “மாக...றல். ரெண்டு.”